இருபத்திரண்டேகால் கரப்பான்

இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கரப்பான் காலை உதைக்கிறது. வலது கையில் மனைவியின் நகப்பூச்சுத் தூரிகை. அதன் முதுகில் ஒரு சிவப்புப் பொட்டை வைத்து, சூடான காபியை ஊதுவதுபோல் இரண்டு முறை ஊதிக் காயவைக்கிறார். "பயப்படாத. சாப்டுட்டுப் போ." சர்க்கரைப் பாகில் ஊறிய ரொட்டி கிடக்கும் ஜாடிக்குள் அதை இறக்குகிறார். வயிறு நிறைந்த பிறகுதான் விடுதலை. இது பத்தொன்பதாவது, இன்னும் ஒன்று பாக்கி.

புள்ளிவிவர அலுவலகத்தில் அவருக்கு 'உத்தேசம்' என்று பெயர். எதையும் ஒன்று விடாமல் எண்ணுவது மூளையில்லாதவர்கள் வேலை என்பது அவருடைய இருபது வருட சர்வீஸின் சாரம். கல்யாணமாகி எத்தனை வருடம் என்று யாரோ கேட்டதற்கு, "உத்தேசமா பதினொன்னு" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி அன்று ராத்திரி குழம்புக்கு உப்பை உத்தேசமாகப் போட்டாள்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வாரம் வார்டில் அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது ஒரு கரப்பான் இறங்கி, கட்டில் கட்டிலாக நோயாளிகளை நலம் விசாரிக்கக் கிளம்பிவிட்டது. தலைமை நர்ஸ் பார்த்த பார்வையோடு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்த வீட்ட மாத்துங்க. இல்லன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்களும் அதுங்களும் நல்லா குடும்பம் நடத்துங்க."

"எத்தனை இருக்குன்னே தெரியாம வீட்ட மாத்துறதா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு. அம்பதுக்கு மேல இருந்தா நானே வேற வீடு பாக்கறேன்."

அப்படித் தொடங்கியதுதான் இந்தப் பொட்டு வைக்கும் வைபவம். இருபதுக்குப் பொட்டு வைத்து விட்டுவிட்டு, ஞாயிறன்று மறுபடி பிடிப்பதில் எத்தனைக்குப் பொட்டு இருக்கிறது என்று பார்த்தால், வீட்டின் மொத்தக் கணக்கு உத்தேசமாக வந்துவிடும்.

ஞாயிறு காலை அதே ஜாடியை, அதே பாகு ரொட்டியோடு வைத்தார். இருபது விழுந்தன. பதினெட்டின் முதுகில் சிவப்புப் பொட்டு. பேப்பரில் பெருக்கினார், வகுத்தார், தொண்டையைக் கனைத்தார்.

"பிடிச்ச இருபதுல பதினெட்டு ஏற்கெனவே பார்த்த ஆளுங்க. புது முகம் ரெண்டே ரெண்டு. ஆக, வீட்டுல மொத்தமே இருபத்திரண்டேகால்."

"காலா?"

"உத்தேசமா."

அவள் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பொட்டு வச்சதுக்கெல்லாம் இதே ஜாடிலதான விருந்து வச்சீங்க?"

"ஆமா. பாவம், பயம் தெளியட்டுமேன்னு."

"எங்க வார்டுல ஒரு நாள் கேக் குடுத்தோம். மறுநாள் அதே ஆளுங்கதான் முதல்ல வந்து வரிசைல நின்னாங்க. அவங்கள மட்டும் எண்ணிட்டு ஊருக்கே ஜனத்தொகை சொல்லுவீங்களா?"

"அது வந்து... முறைப்படி பார்த்தா..."

முறைப்படி பார்க்க அவள் காத்திருக்கவில்லை. ஃப்ரிட்ஜை ஒரே இழுப்பாக இழுத்தாள். பின்னால் இருந்த சுவர் பழுப்பு நிறத்தில் இருந்தது. மறுகணம் அந்தப் பழுப்பு நாலா பக்கமும் ஓடி, சுவர் வெள்ளையானது. ஒன்றின் முதுகிலும் பொட்டு இல்லை.

"எண்ணுங்க" என்றாள்.

 அவர் கணக்குப் போட்ட பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார்.

அவள் படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். துணிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.  அவர் கொடியிலிருந்து தன்னுடைய இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். ஒவ்வொன்றையும் மும்முறை உதறி, பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்து, மடித்துக் கொண்டுவந்து, பெட்டியில் அவள் துணிகளுக்கு மேல் வைத்தார்.