கழித்தல் பக்கம் கூடும் செம்பு

வட ஆற்காடு மாவட்டப் பொதுமக்களின் மேலான கவனத்துக்கு: கீழ்பென்னாத்தூர் பள்ளி வாலிபால் அணியின் பித்தளைக் கோப்பையில் களிம்பு ஏறிவிட்டது. அதில் மோர் ஊற்றிவைத்த மாவீரன் நான். திங்கட்கிழமை அதைத் தலைமையாசிரியர் மேசையில் பளபளப்பாக வைக்காவிட்டால் அடுத்த போட்டிக்கு அணியே கிடையாது. அதற்கு நானே செம்பு முலாம் பூசிய சாதனைப் பயணம் இது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் வகுப்புத் தோழன் சலீமும் பஸ் ஏறினோம். திருவண்ணாமலைக்குச் சுமார் பதினெட்டு கிலோமீட்டர். மடியில் இருந்த கோப்பையைக் காட்டி, "இதுக்கு டிக்கெட்டு?" என்றார் கண்டக்டர்.

"கைக்குழந்தைங்க."

சலீமின் சாச்சா, அதாவது சித்தப்பா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முலாம் பட்டறை வைத்திருக்கிறார். மயில் துத்தம் என்ற செம்பு உப்பைக் கரைத்து ஆசிட் கலந்த நீலத் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் கரண்ட் பாயும் இரண்டு கம்பிகள், ப்ளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று. ஒன்றில் செம்புத் தகடு, மற்றதில் நம் பொருள். "கோப்பைய மைனஸ்ல மாட்டுங்கடா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

"மைனஸ்னா கழித்தல்டா. அதுல மாட்டினா கோப்பை கழிஞ்சிடும். கூட்டல்லதான் கூடும்" என்றேன்.

"சாச்சா சொன்னாரேடா..."

"கணக்குல நீ எவ்ளோ மார்க்கு?"

சலீம் கம்பியை என்னிடம் நீட்டினான். தகட்டை மைனஸிலும் கோப்பையை ப்ளஸ்ஸிலும் மாட்டினேன். பத்து நிமிடம் கழித்துத் தூக்கினால் கோப்பை கறுத்து, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அதைத் தின்று எதிரே செம்புத் தகடு கொழுத்திருந்தது.

திரும்பி வந்த சாச்சா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட அறிவுக்கொழுந்து! ப்ளஸ்ல இருக்கறது கரையும், மைனஸ்ல இருக்கறது மேலதான் வந்து ஒட்டும். கரண்டு உன் வாத்தியார்கிட்ட படிக்கலடா!"

தேய்த்துக் கழுவி, கம்பி மாற்றியாயிற்று. அப்போது பார்த்ததை எப்படி எழுதுவது? நெருப்பில்லை, சுத்தியல் சத்தமில்லை. தகட்டிலிருந்து கரைந்த செம்பு, நீலத் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாமல் நடந்துபோய்க் கோப்பையில் குடியேறியது. கோப்பை வெட்கப்படுவதுபோல் மெல்லச் சிவந்தது. என் ஊரில் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

"இதுக்கேவா வாயப் பொளக்கற?" என்றார் சாச்சா. "உங்க வீட்டு அலுமினியக் குண்டான் எப்டி பொறந்துச்சின்னு நெனச்ச? மண்ணுலேர்ந்து எடுத்த வெள்ளைப் பொடிய நெருப்பா கொதிக்கற குழம்புல கரைச்சி, இதே மாதிரி கரண்டு வுடுவாங்க. மைனஸ் பக்கம், அடியில அலுமினியம் வந்து சேரும்."

திரும்பும்போது ராஜகோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் பாத்திரக் கடையில் தொங்கிய குண்டான்களை அண்ணாந்து பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியம் கரண்ட் நிற்கும். பழைய சட்டை போடுங்கள், ஆசிட் தெறித்தால் ஓட்டை.

திங்களன்று தலைமையாசிரியர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருப்பா செஞ்சது?"

"நான்தான் சார்!" என்று முந்திக்கொண்டேன். அணி பிழைத்தது.

உண்மை என்னவென்றால், இரண்டாவது முறை கம்பி மாட்டியது சலீம். சாச்சா என்னைத் தொட்டிக்கு ஐந்தடி தள்ளி, கைகட்டி நிற்க வைத்திருந்தார்.