ட்யூனரில் வைத்த பசை

1. ஒரே ஓட்டை

நான் பெங்களூர் நீலசந்திராவில் லேத் ஓட்டியவன். ஒரு ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் வேலை கிடைத்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. தலையில் வேறு எதுவும் இல்லாததால் கனத்துக்கு நல்ல இடம்.

தொண்ணூறுகளின் கடைசி. பாயின்ட் டூ-டூ ரைஃபிளின் பேரல் நுனியில் ட்யூனர் என்று ஓர் எடையை மாட்டுவோம். சுடும்போது பேரல் அதிரும். எடையை மரையில் முன்னே பின்னே திருகி, அந்த அதிர்வு தோட்டாவோடு ஒத்துப்போகும் இடத்தைப் பிடித்தால் குண்டெல்லாம் ஒரே ஓட்டையில் விழும். தோட்டாவின் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, மாறினாலோ வெயில் ஏறினாலோ அந்த இடமும் நகர்ந்துவிடும்.

ஜெயந்தி சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தவள். கிளப் ரைஃபிளில் சுடுவாள். மாநில அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்புக்கு அந்த வருடமே கடைசி.

மூன்று நாள் காலைக் குளிரில் இலக்கு அட்டையில் சுட்டு இடம் பிடித்தேன். அட்டையில் ஒரே ஓட்டை. யாரும் திருகிவிடக் கூடாதென்று, அவளுக்கும் சொல்லாமல், மரையில் இறுக்கும் பசையை விட்டேன்.

"லாட் மாறினா திருகிக்கலாம்தானேண்ணா?"

"நான் புடிச்ச எடத்த எவன் திருகுறது? நீ கை வெக்காத."

2. செலக்‌ஷன்

பழைய லாட் பயிற்சியிலேயே தீர்ந்துபோனது. செலக்‌ஷனுக்கு வந்தது புது லாட். எங்கள் முறையோ உச்சி வெயிலில். கணக்கில் சேராத முன்னோட்டக் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறின. ஜெயந்தி எழுந்து வந்தாள்.

"அண்ணா, ட்யூனர கொஞ்சம் பின்னாடி விடுங்க."

பசையை இளக்கச் சூடு காட்ட வேண்டும். அதற்கு அங்கே வழியில்லை. பக்கத்தில் கன்னடக்காரரான கிளப் செக்ரட்டரி நின்றிருந்தார்.

"ஏன்ரீ மாஸ்டர், ஏதாவது ப்ராப்ளமா?"

"இல்ல சார். ட்யூனர் பர்ஃபெக்ட். இவ மூச்சுதான் சரியில்ல."

அவள் என்னையே பார்த்தாள். "நெஜமாவே மூச்சுதானாண்ணா?"

"ஆமாம்மா. அலட்டிக்காத, போ."

போனாள். நான் சொன்னதை நம்பி, ஒவ்வொரு குண்டுக்கும் மூச்சைத் திருத்தித் திருத்திச் சுட்டாள். இரண்டு பாயின்டில் இடம் போனது. உண்மையைச் சொல்லியிருந்தால் கிளப்பின் இன்னொரு ரைஃபிளை எடுத்திருப்பாள். அது பின்னால் ரேக்கில் சும்மாதான் இருந்தது.

3. மறுநாள்

பசையைச் சூடாக்கி இளக்கி, கால் சுற்று பின்னே விட்டு, அதே லாட்டில் மீந்ததை உச்சி வெயிலில் சுட்டேன். அட்டையில் ஒரே ஓட்டை. அதைக் காட்டுவதற்காக அவளுடைய கடை வாசல்வரை போனேன். உள்ளே ஒரு கஸ்டமருக்குப் புடவையை விரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: ட்யூனரைக் கையால் இறுக்கி, நிலை தெரியப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், போதும். தப்பு உங்களுடையதென்றால், சுடுபவர் அடுத்த குண்டைப் போடுவதற்குள் சொல்லிவிடுங்கள். சரியில்லாதது அவள் மூச்சல்ல, நான் வைத்த பசைதான் என்று ஜெயந்தியிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.