கொச்சி சாரும் பந்தல் மாமனின் வெப்சைட்டும்

வெப்சைட் செய்கிறவனுக்கு முதலில் வேண்டியது சிரிக்காத முகம். இலவச வீடியோ பார்த்துத் தொழில் பழகும் என் சக பாவிகளே, உங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தரமாட்டேன். நான் பட்டதை எல்லாம் வரிசையாகக் கேட்ட பிறகுதான் தருவேன். பாதியில் எழுந்து போகிறவர்களுக்குக் கிடையாது.

பதினொரு நிறம்

என் முதல் பக்கத்தில் பதினொரு நிறமும் ஏழு வகை எழுத்தும் இருந்தன. தலைப்பு இடமிருந்து வலமாக ஓடும். கீழே ஒரு புறா பறக்கும். புறாவுக்கு மட்டும் நான்கு நாள் ஆனது. லேப்டாப் ஷெர்லின் அக்காவுடையது. ஓணம் லீவுக்கு பெங்களூரிலிருந்து வந்திருந்தவள், திரும்பும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். நான் கெஞ்சினேன், அம்மா குரலில் கெஞ்சினேன், சபையில் ஜெபிக்கிறவர் குரலிலும் கெஞ்சினேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கள் ஊரில் பந்தல், நாற்காலி, பாயசம் காய்ச்சும் பெரிய வார்ப்பு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் தங்கையன் மாமனுக்கு நான் ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். அவர் அதைப் பார்த்து ‘கொள்ளாம்’, அதாவது நன்றாயிருக்கிறது, என்று ஒரு வார்த்தை சொன்னால் லேப்டாப் எனக்கு. கேட்க எளிதாக இருக்கும். சொந்த மகள் கல்யாணச் சாப்பாட்டையே கொள்ளாம் என்று சொல்லாத மனுஷன் அவர். அக்கா புறாவை ஒருதரம் பறக்கவிட்டுப் பார்த்தாள். “மக்கா, இது வெப்சைட்டா, கோயில் கொடைக்கு அடிச்ச நோட்டீஸா?”

சும்மா கிடக்கும் அரை ஏக்கர்

புறாவைக் கொன்றேன். வீடியோவில் வரும் வாத்தியார், நல்ல வடிவமைப்பின் உயிரே காலி இடம்தான் என்று மூச்சுக்கு மூச்சு சொல்வார். அப்படியே செய்தேன். வெள்ளைப் பின்னணி, நடுவில் ஒரு தலைப்பு, ஒரே ஒரு படம், சுற்றிலும் தாராளமாக இடம். பார்த்தால் பெரிய கம்பெனிக்காரன் செய்தது போல இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் இருக்கும் மாமனின் குடோனுக்கு இறங்கினேன்.

மாமன் கண்ணாடியைப் போட்டு, தலைப்பைப் பார்க்காமல், படத்தைப் பார்க்காமல், வெள்ளையை மட்டும் பார்த்தார். இடது பக்கம் விரலை வைத்து அளந்தார். வலது பக்கமும் அளந்தார். எல்லைக் கல்லை நகர்த்தியதாக பக்கத்து நிலத்துப் புரயிடக்காரனோடு பன்னிரண்டு வருஷமாக வழக்கு நடத்துகிறவர் அவர். அங்கே வார்ப்பு படம் போடு, இங்கே என் போட்டோ போடு, அதுக்குக் கீழே பேரப்பிள்ளைகள் பெயர் போடு என்று எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கினார். காலியாக இருந்தால்தான் அழகு என்று நான் வாத்தியார் குரலிலேயே சொன்னேன். “எலே, ஒரு சென்ட் மண்ணுக்கு நான் கோர்ட்டு ஏறி எறங்குதேன், நீ அரை ஏக்கரை சும்மா போட்டு வச்சிருக்கியே.”

யாருடைய கல்யாணம்

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். வருகிறது, வழியில் இருக்கிறது.

படத்துக்கு வருவோம். இலவசமாகக் கிடைத்த மாதிரிப் படம் அது. புல்வெளியில் வெள்ளைக்காரக் கல்யாணம், நீளமான மேசை, எல்லோரும் கண்ணாடிக் கோப்பையோடு சிரிக்கிறார்கள். மாமன் அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நாற்காலி முதுகைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். அவருடைய நாற்காலி ஒவ்வொன்றிலும் முதுகில் சிவப்பு பெயின்டில் ‘த’ என்று இருக்கும். வெளிநாட்டு நாற்காலியில் ‘த’ இல்லை. வெறும் மாதிரிக்குத்தான் என்று நான் விளக்கியதை அவர் காதில் வாங்கவே இல்லை. “நாளைக்கு இதில ஒருத்தன் நாற்காலி ஒடிஞ்சு விழுந்தா, நான் போய் என்ன சமாதானம் சொல்லுவேன்?”

கீறலுக்கு அடியில்

போனில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும், அது தொழில் முறை. மாமனின் போனில் பார்த்தோம். அது ஒருமுறை பாயசச் செம்புக்கு அடியில் போய், கண்ணாடி குறுக்கே கீறிக் கிடக்கிறது. ‘அழைக்க’ என்று நான் வைத்த பட்டன் சரியாக அந்தக் கீறலில் போய் உட்கார்ந்துகொண்டது. போன் கண்ணாடியை மாற்றலாம் என்றேன். “கண்ணாடியை எதுக்கு மாத்தணும், பட்டனை ரெண்டு விரக்கடை மேல ஏத்தினா போராதா?”

கொச்சி சார்

அக்கா கிளம்ப ஒன்பது நாள்தான் இருந்தது. பக்கத்தில் பேரப்பிள்ளைகள் ஆறு பேர் பெயரும் ஏறியாகிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: பதினேழு வயசுப் பையன் சொன்னால் மாமன் கேட்கமாட்டார், கொச்சியிலிருந்து ஒரு சார் சொன்னால் கேட்பார். கொச்சியில் எனக்கு எந்தச் சாரும் இல்லை. தொண்டை இருக்கிறதே.

தோழனிடம் ஒரு சிம் இரவல் வாங்கி, காலை எட்டு மணிக்கு என் அறையிலிருந்து கூப்பிட்டேன். வீடியோ வாத்தியார் குரல், கொஞ்சம் மூக்கடைப்பு, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ஓகே?’. கொச்சி ஆபீஸின் பெரிய டிசைனர் பேசுகிறேன், உங்கள் ஊர்ப் பையன் அஜின் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன், பையன் கொள்ளாம், ஆனால் “ஸ்பேஸ் வேணம் சாரே, ஓகே?” என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். மாமன் எழுந்து நிற்கிறார்! அன்று மாலை பேரப்பிள்ளைகளை அவரே எடுக்கச் சொன்னார்.

அடுத்த நாள் கொச்சி சார் வார்ப்பை எடுத்தார். அதற்கடுத்த நாள் மாமனின் போட்டோவை ஓரத்துக்கு நகர்த்தினார். தினமும் பேச்சுக்கு நடுவில் பொழியூர் மீன்காரன் ஸ்கூட்டரில் என் ஜன்னலைத் தாண்டுவான், மூன்று குட்டையும் ஒரு நெட்டையுமாக ஹாரன் அடிப்பான். நான் கையால் போனைப் பொத்திக்கொள்வேன். ஐந்தாம் நாள் பக்கம் பளிச்சென்று இருந்தது. மாமன் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கொள்ளாம் மட்டும் வாயில் வரவில்லை. “உன் சாருக்கு நல்ல அறிவாக்கும், கேட்டியா. நீ அவருகிட்ட படி.”

ஒற்றசேகரமங்கலம் பிரின்சிபால்

வெள்ளிக்கிழமை எனக்கே ஒரு போன். கனத்த குரல், வாக்கியத்துக்கு முன்னால் ஒரு செருமல். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிரின்சிபாலாம். தங்கையனின் பக்கத்தைப் பார்த்தாராம், அந்தக் காலி இடம் மனசைத் தொட்டதாம், தன் பள்ளிக்கும் அப்படி ஒன்று வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பாறசாலை ஜங்ஷனில் காரோடு வருவார், முழுக்கைச் சட்டை போட்டு நிற்க வேண்டும். அந்தச் செருமலை அக்காவிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். என் மிமிக்ரி அவ்வளவு அருமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மூன்று மணி, வெயில், முழுக்கைச் சட்டை. மூன்றரை. அக்காவின் ரயில் நாலே காலுக்கு. நாலுக்குப் பத்து இருக்கும்போது கார் வரவில்லை, மாமனின் பந்தல் வேன் வந்தது. முன்சீட்டில் அக்கா, மடியில் லேப்டாப் பை. மாமன் இறங்கி, பின்னாலிருந்து முதுகில் ‘த’ எழுதிய நாற்காலி ஒன்றை எடுத்து, ரோட்டோரம் எனக்கு முன்னால் போட்டார். யாரைப் பார்த்து நிற்கிறாய் என்று கேட்டார். பிரின்சிபால் வரப்போவதை நான் கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். மாமன் ஒருதரம் செருமினார். பிறகு அந்தக் கனத்த குரல் அவர் வாயிலிருந்து வந்தது: “தம்பி, கொச்சியிலேருந்து வந்த களைப்பு இருக்கும். இரியுங்க.”

நான் உட்கார்ந்தேன். அக்கா சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியது. உங்களுக்கு நான் சொன்ன சிரிப்பு அதுதான், அது அவளுக்குப் போய்விட்டது. முதல் நாளே தெரியுமா என்று மாமனிடம் கேட்டேன். முதல் நாள் எழுந்து நின்றது நிஜம் என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் மீன்காரன் குடோனைத் தாண்டி மேட்டில் ஏறின ரெண்டே நிமிஷத்தில், அதே ஹாரன் போன் வழியாகக் கொச்சியில் கேட்டதாம். அதற்குப் பிறகும் மூன்று நாள் ஏன் சொன்னபடியெல்லாம் கேட்டார் என்றால், பக்கம் நிஜமாகவே பார்க்க நன்றாகிக்கொண்டு வந்ததாம். அக்கா ஜன்னல் வழியாக லேப்டாப் பையை நீட்டினாள், ஆனால் கையை விடவில்லை. மாமனைப் பார்த்தாள். மாமன் வேனில் ஏறி, சாவியைத் திருகி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சைட்டும் கொள்ளாம், கொச்சியும் கொள்ளாம். அந்த மீன்காரனை மட்டும் எடுத்து மாத்து மக்கா.”

ஆகவே என் சக பாவிகளே, பக்கத்தில் எவ்வளவு இடத்தை வேண்டுமானாலும் திறந்து விடுங்கள், அறை ஜன்னலை மட்டும் சாத்திக்கொள்ளுங்கள்.