கொழுப்புக்கு இங்கிலீஷில் என்ன?

என் மைசூர்பாகுக்குப் பெயர் வைத்தவர் எங்கள் தமிழ்ச் சங்கத்து அங்கிள் ஒருவர். வைக்கிறோம் என்று தெரியாமலே வைத்தார். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் பொங்கல் விழா. மைசூர்பாகு பெட்டி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார், தருகிறேன் என்றேன். பெட்டியின் மேல் சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கட்டும் என்றார். அடுப்பில் நின்று கிளறுவது நான், என் பெயரும் இருக்கும் என்றேன். மைக் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தவர் அதை அணைக்காமலே, "இந்தம்மாவுக்குக் கொழுப்பைப் பாத்தீங்களா!" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பெயரும் வந்துவிட்டது. அடுத்து வந்த பெட்டிகளில் 'கொழுப்பு' என்று தமிழில் பெரிதாகவும், அடியில் ஆங்கில எழுத்திலும் அச்சடித்தேன்.

"சாமி பேரா ஒண்ணு வெச்சிருக்கலாம்ல?" என்றார் கணவர். சாமி பெயரெல்லாம் ஏற்கெனவே அரிசி மூட்டையிலும் ஊதுபத்தியிலும் ஏறிவிட்டது, எனக்கு எதுவும் மிச்சமில்லை என்றேன். நான் சரக்குப் போடுகிற ஈஸ்ட் பிரன்ஸ்விக் கடையில் பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். முக்கியமாகப் பெண்கள். "என் நாத்தனாருக்கு ஒண்ணு பார்சல் பண்ணணும்" என்று ஒருத்தி இரண்டு பெட்டி எடுத்துப் போனாள்.

அந்தக் கடைக்காரர்தான் எச்சரித்தார். "ட்ரேட்மார்க் ரிஜிஸ்டர் பண்ணிடுங்க மேடம். வேற எவனாவது பண்ணிட்டான்னா, உங்க பேருக்கு நீங்களே கோர்ட்டுக்கு அலையணும்."

நாட்டின் மறுகோடியில், சான் ரமோனில் ஒரு வக்கீல் கிடைத்தாள். இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். நாம் பேசுவது புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். வேற்றுமொழிச் சொல்லைப் பதிவு செய்தால் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பொருள் என்று எழுத வேண்டும். அவள் என்னைக் கேட்கவே இல்லை. திமிர் என்று அர்த்தம் வரும்படி எழுதி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த கொழுப்பு அது ஒன்றுதான், அவள் அம்மா சமையலறையிலிருந்து கத்துகிற கொழுப்பு.

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது, மறுத்து. விண்ணப்பத்தைப் பரிசீலித்தவர் தமிழ் அகராதியைப் புரட்டியிருக்கிறார். சத்து, நெய், எண்ணெய் வகையறாதான் அதில் முதலில் இருந்தது. நெய் சொட்டுகிற பண்டத்துக்குக் கொழுப்பு என்று பெயர் வைத்தால் அது உள்ளே இருப்பதைச் சொல்கிற விவரம்தானே தவிர, ஒருவர் சொந்தம் கொண்டாடுகிற பெயராகாது என்பது சட்டம். பால்காரர் 'பால்' என்ற சொல்லுக்கு வேலி போட முடியாது அல்லவா? அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அகராதியை நம்பினார், பாவம்.

வக்கீல்தான் பதறிப்போய்க் கூப்பிட்டாள். "ஆன்டி, இட் மீன்ஸ் ஃபேட்?"

"அதான்மா மொதல் அர்த்தமே."

"பட் மை மாம் யெல்ஸ் இட் அட் மீ ஆல் த டைம்!"

சிரித்து முடித்த பிறகு வழிகளைச் சொன்னாள். பெயரை மாற்றலாம். அல்லது இரண்டாம் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, அதில் பெயர் இருக்கும், முழு பலம் இருக்காது. கணவர், "அதையாவது வாங்கிக்கோயேன், ஏன் இழுத்துக்கிட்டு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயரையே இனிஷியலாக வைத்திருந்ததற்குக் கொழுப்பு. தனியாக ஃப்ரீவேயில் கார் ஓட்டியதற்குக் கொழுப்பு. ஆபீஸில் மேனேஜரிடம் முடியாது என்று சொன்னதை வீட்டில் வந்து சொன்னால், அதற்கும் கொழுப்பு. இவர்களில் ஒருவராவது என் இடுப்புச் சதையைப் பார்த்துச் சொன்னார்களா? தின்ற சோறு உடம்பில் சேர்ந்து வாய்க்கு ஏறிவிட்டது என்பதுதான் அந்தத் திட்டின் உள்ளர்த்தம். வாங்கிய வசவையெல்லாம் சேர்த்து ஒரு பெயராக்கியிருக்கிறேன், அதைக் கொண்டுபோய்ப் பின்வரிசையில் உட்கார வைப்பேனா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால், இந்தச் சொல் காதில் விழுந்ததும் தமிழர்களுக்கு என்ன தோன்றுகிறது என்று தமிழர்களே கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும் என்றாள் வக்கீல். வாடிக்கையாளர் பெண்கள் உற்சாகமாகப் போட்டார்கள். திட்டியவர் யாராவது சொன்னால் இன்னும் நல்லது என்றாள். அங்கிளுக்கு போன் செய்தேன்.

"அங்கிள், பொங்கலன்னைக்கு என்னைக் கொழுப்புன்னு சொன்னீங்களே..."

"ஐயோ, அதை இன்னும் மனசுல வெச்சிருக்கியாம்மா? சாரிம்மா, ஏதோ வாய் தவறி..."

"சாரியெல்லாம் வேணாம் அங்கிள். என்னைத் திட்டினதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நெய்யைச் சொல்லலை, திமிரைத்தான் சொன்னேன்னு தெளிவா இருக்கணும்."

"யாருக்கு?"

"கவர்மென்ட்டுக்கு."

"ஒரு லேடியைத் திட்டினேன்னு நானே கவர்மென்ட்டுக்கு எழுதிக் குடுக்கணுமா? எனக்கு கிரீன் கார்டு ரினியூவல் வருதும்மா!"

பக்கத்திலிருந்த அங்கிளின் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டார். "இவரைப் போட வைக்கிறது என் பொறுப்பு. நானும் ஒண்ணு போடறேன். அந்த வார்த்தையில எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து அனுபவம்."

இருவரும் போட்டார்கள். மறுப்பு விலகியது, பெயர் பதிவானது, முழு பலத்தோடு, முதல் பதிவேட்டில்.

பிறகும் நிம்மதியாக இருக்க விடவில்லை. டாலஸிலிருந்து தோழி ஒரு போட்டோ அனுப்பினாள். அதே மைசூர்பாகு, அதே பெயர். ஆங்கில எழுத்தில் மட்டும் ழகரம் இருந்த இடத்தில் வேறு எழுத்து. வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தயாரானாள். முதலில் நானே பேசுகிறேன் என்றேன்.

"மேடம், ஸ்பெல்லிங்கே வேற மேடம். உங்களோடது இசட் எச், எங்களோடது எல்" என்றார் டாலஸ்காரர்.

"வாய் விட்டுச் சொல்லுங்க பாப்போம்."

"கொளுப்பு" என்றார்.

"ஈஸ்ட் பிரன்ஸ்விக்லயும் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டு வாங்கறாங்க. காதுல ஒண்ணாத்தானே விழுது?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. நீங்கள் ஜெர்சியில், நாங்கள் டெக்சாஸில், உங்களுக்கு என்ன குறைந்துவிட்டது என்றார். ஊரில் எல்லோரும் பேசுகிற வார்த்தை, உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா என்றார். கடைசியில் அவராகவே சொன்னார்.

"ஒரு பொம்பளைக்கு இவ்ளோ கொழுப்பு ஆகாதுங்க!"

"ஆமாங்க, இருக்கு. ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்கேன்" என்றேன். "இப்ப நீங்க எந்த அர்த்தத்துல சொன்னீங்களோ, அதே அர்த்தத்துல."

லேபிளை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன்.