பச்சையம்மா தேய்த்த ஐந்நூறு ரூபாய்

"அப்ப நான் கள்ள நோட்டுக்காரியா, பாப்பா?"

நான் வேலை பார்த்த மருந்துக் கடையில் நின்று பச்சையம்மா அக்கா இப்படிக் கேட்டபோது, அடுத்தவரின் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டேன்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் கடைக்கு எதிரே, புங்க மரத்தடியில் அவருடைய இஸ்திரி வண்டி நின்றது. கணவர் இறந்த பிறகு பதினோரு வருடம் அந்த ஒரு தெருவின் துணிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. சாயங்காலம் கரி அணைவதற்குள், சுருக்குப் பையில் இருக்கும் கசங்கிய நோட்டுகளுக்கும் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். கசங்கியதை நீட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்பார். "என்ன பச்சையம்மா, புதுசா அச்சடிக்கிறியா?" என்று குடியிருப்புக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "உங்களுக்கும் ஒரு கட்டு வேணுமா சார்?" என்று அவரும் சிரிப்பார்.

நான் பன்னிரண்டாவது முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஐந்நூறு ரூபாய் நோட்டின் இரண்டு ஓரத்திலும் ஐந்து மேடான கோடுகள் இருக்கும், விரலால் தடவிப் பார் என்று முதலாளி லக்ஷ்மிநாராயணன் சார் சொல்லியிருந்தார். சர்க்கரை மாத்திரைக்காகப் பச்சையம்மா அக்கா நீட்டிய நோட்டு வழவழவென்று இருந்தது. வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, கள்ள நோட்டு என்று சொன்னேன். திருப்பியும் தரவில்லை. அவர் மாத்திரை வாங்காமல் போனார்.

மதியம் சார் வந்து நோட்டைச் சாய்த்தார். உள்ளே ஓடிய இழை பச்சையிலிருந்து நீலமானது. வெளிச்சத்தில் பிடித்தார், அச்சில்லாத வெள்ளை இடத்தில் மறைந்திருந்த முகம் தெரிந்தது. நல்ல நோட்டுதான். பழைய நோட்டின் மேட்டை இஸ்திரிப் பெட்டி மழுக்கியிருந்தது.

ஓடிப்போய் நோட்டையும் மாத்திரையையும் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டார்.

"என்னான்ட வந்து சொல்ற. அவங்களான்ட யாரு சொல்றது?"

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் அவர் நோட்டைத் தேய்த்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். பழைய கிண்டல் இப்போது சாட்சியாகிவிட்டது. துணி மூட்டைகள் குறைந்தன. தை பிறப்பதற்கு முன்பே வண்டி போய்விட்டது. மறைமலை நகரில் ஏதோ கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறார் என்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். கிடைக்கவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு அந்தத் தெருவில் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பச்சையம்மா கொடுத்தது நல்ல நோட்டு.