நிமிடத்துக்கு ஓர் இழுப்பு

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. தில்லிக்கு வந்த புதிதில், பேருந்தில் அபூர்வமாக இடம் கிடைத்தாலும் எழுந்துபோய்ப் படிக்கட்டருகே நின்றுகொள்வேன். இறங்கவேண்டிய இடம் இன்னும் வெகுதூரம் இருக்கும். தட்டில் சோறு விழுந்தால் முதல் கவளம் தொண்டையைத் தாண்டுமுன் இரண்டாவது கையில் தயாராக இருக்கும். எங்கள் வீட்டில் பகல் வேளையில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவருக்குக் காய்ச்சல் என்று பொருள். அப்பா மிளகாய் வற்றல் மண்டியில் மூட்டை தூக்குபவர். நின்றபடியே டீ குடிப்பார், நின்றபடியே கூலி வாங்குவார். ஒரு பெஞ்சில் வருடக்கணக்காக உட்கார்ந்து படித்தவன் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். அங்கேயும் மணி அடிப்பதற்குள் பையைத் தோளில் மாட்டியிருப்பேன்.

அப்படிப்பட்டவனைத்தான் மேடம் சுருட்டுப் பிடிக்கச் சொன்னார்.

லோதி ரோடு பக்கம் ஓர் ஆங்கில மாத இதழின் அலுவலகத்தில் பிழை திருத்தும் பயிற்சியாளனாக இருந்தேன். அந்த மாதக் கடைசியோடு என் சோதனைக் காலம் முடிகிறது. உணவு, உடை, கடிகாரம் என்று வசதியான வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் வரும். அதை எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று வேறு இதழுக்குப் போய்விட்டார். அந்த மாதத்துக்கு ஒரு பெரிய ஓட்டலின் சுருட்டுக் கடையைப் பற்றி எழுதுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை இதழாசிரியரான மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"பிழை திருத்த எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு. எழுதுறவங்கதான் இல்ல. திங்கள்கிழமை காலையில கட்டுரை என் மேசையில இருக்கணும். நல்லா இருந்தா உன்னை கன்ஃபர்ம் பண்ணிடறேன். இல்லேன்னா, ஸாரி, வேற இடம் பாத்துக்கோ."

"நான் சிகரெட்கூடப் பிடிச்சதில்ல மேடம்."

"இன்னும் நல்லது. நாக்கு சுத்தமா இருக்கும்."

அன்று மாலையே ஓட்டலுக்குப் போனேன். கண்ணாடி அடைத்த சின்ன அறை. உள்ளே நுழைந்ததும் முகத்தில் ஈரக்காற்று பட்டது. வெளியே தில்லியின் ஜனவரி உதட்டைப் பிளந்துகொண்டிருக்க, சுருட்டுகள் மட்டும் மழைக்காலத்தில் இருந்தன. கடைக்காரர் எனக்காக ஒன்றை எடுத்தார். கட்டைவிரலைவிடத் தடிமன். மேலே சுற்றிய இலை எண்ணெய் பூசியதுபோல் மினுங்கியது. இது நல்ல கனமான ரகம், வீரியம் அதிகம் என்றார். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயில் வைத்திருந்து விட்டுவிடவேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். அணைந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி பற்றவைக்கலாம்; மறுநாள் என்றால் தார்போல் நாறும். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் அதன் முழுக் குணமும் தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டபிறகு பிடியுங்கள் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். பொட்டலத்தோடு ஒரு தாளும் தந்தார். அந்தச் சுருட்டில் என்னென்ன சுவைகள் உண்டு என்று அச்சடித்திருந்தது: தோல், தேவதாரு, கருஞ்சாக்லேட், மிளகு, மண். இவற்றில் மிளகு ஒன்றைத்தான் நான் வாயில் போட்டிருக்கிறேன்.

குடியிருந்தது மயூர் விஹாரில், ஒரு வீட்டின் மொட்டை மாடி அறையில். கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அரசு மருத்துவமனையில் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸ். அறையைக் காட்டிய அன்றே சொல்லிவிட்டார்: "கறி மீன் ஆக்கிக்கிடலாம், சேக்காளிகளக் கூட்டிட்டு வரலாம். பீடி சிகரெட் மட்டும் என் வீட்டுல ஆகாது."

சனிக்கிழமை அவருக்குப் பகல் முழுவதும் வேலை என்று நினைத்திருந்தேன். காலையில் அவர் புறப்பட்டுப் போனார். மதியத்துக்குமேல் பிளாஸ்டிக் நாற்காலியைத் தண்ணீர்த் தொட்டியருகே வெயிலில் போட்டேன். சுருட்டின் தலையை பிளேடால் சீவினேன். அடுப்படித் தீப்பெட்டியிலிருந்து குச்சி குச்சியாக உரசி ஒருவழியாகப் பற்றவைத்தேன்.

முதல் இழுப்பு நன்றாகத்தான் இருந்தது. மூக்குக்குள் மிளகின் நெடி, உதட்டில் லேசான தித்திப்பு, அடிநாக்கில் அதிகமாக வறுத்த காபிக்கொட்டை. தாளில் எழுதிக்கொண்டேன். இரண்டாவது இழுப்புக்கு ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து தொட்டியைச் சுற்றி வந்தேன். கைப்பிடிச் சுவரருகே நின்று தெருவில் போகும் ரிக்ஷாவைப் பார்த்தேன். கொடியில் காய்ந்த சட்டையைத் திருப்பிப் போட்டேன். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த அச்சுப்படிகளை எடுத்து ஒரு பக்கம் பிழை திருத்தினேன். இந்த வேலை எதிலும் மனம் நிற்காமல் கை சுருட்டுக்கே போய்க்கொண்டிருந்தது. அணைந்துவிடுமோ என்று இழுத்தேன். எழுத ஒன்றும் கிடைக்கவில்லையே என்று இழுத்தேன். சாக்லேட் எங்கே, தேவதாரு எங்கே என்று இழுத்தேன். ஈரவிறகு அடுப்பை ஊதுகிறவன்போல இழுத்துக்கொண்டே இருந்தேன். பாதிகூட எரியவில்லை, அதற்குள் சுருட்டு விரலைச் சுட்டது. வாயெல்லாம் வேப்பங்கசப்பு.

பிறகு தொட்டி நகர்ந்தது. ஜனவரி வெயிலில் சட்டை நனைய வியர்த்தது. சுருட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தரையில் படுத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. வேலை நிரந்தரமாகும்வரை சனிக்கிழமைகளில் ராத்திரி ஒருவேளை மட்டும் சாப்பிடு என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வேலைக்காக விரதம், அந்த வேலைக்காகவே சுருட்டு. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டது என் புத்திசாலித்தனம்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு அன்று காலை ஷிப்ட் மட்டும்தான். வெள்ளை உடையோடு, காயப்போட்ட போர்வையை எடுக்க மேலே வந்திருந்தார்.

"ஏசப்பா! என்ன தம்பி, ஏன் இங்கன கெடக்கிய?"

பதில் சொல்லுமுன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இன்னொரு கையால் என் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார்.

"என்னத்தக் குடிச்சிய? மறைக்காம சொல்லுங்க."

நான் சுவரைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா. சனிக்கிழம விரதம்."

"வெறும் வயித்துலயா இந்தக் கருமத்த இழுத்திய? பைத்தியமா நீங்க?"

கீழே ஓடிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். குடித்ததும் தொட்டி தன் இடத்தில் நின்றது. நான் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"எங்கிட்ட என்ன சொல்லி இந்த ரூமுக்கு வந்திய? என் வார்டுல வந்து பாருங்க. மூக்குல ஆக்ஸிஜன் போட்டுக்கிட்டு, 'சிஸ்டர், ஏக் பீடி'ன்னு கையேந்துதானுவ. செத்துக்கிட்டே கேக்கானுவ!"

நான் விஷயத்தைச் சொன்னேன். மேடம், கட்டுரை, திங்கள்கிழமை, எல்லாவற்றையும். சொல்லச்சொல்ல அப்பாவின் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மண்டிக்குத் தொலைபேசி போடுவேன். அப்பா வேறெதுவும் கேட்கமாட்டார். "இன்னுமா குத்திப் பாக்காங்க?" என்பார். மூட்டைக்குள் கம்பியைச் செருகிக் கொஞ்சம் வற்றலை வெளியே இழுத்துத் தரம் பார்ப்பார்கள். சோதனைக் காலத்தை அவருக்கு அப்படித்தான் விளக்கியிருந்தேன்.

அக்கா போர்வையை மடித்துக்கொண்டே கேட்டார். "பாதியோட விட்டுட்டு, முழுசும் குடிச்சேன்னு எழுதிர வேண்டியதுதான?"

"பொய்யா போயிரும்க்கா. கடைசிப் பங்குலதான் குணமே தெரியுமாம்."

"சரி, நாளைக்குக் குடியுங்க."

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள பத்த வைக்கணும். நாளைக்குன்னா தாரா நாறுமாம்."

"ஆமா, பெரிய மருந்து! வேளை தப்பாமக் குடுக்கணுமாக்கும்." போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் டெம்பரவரியில கெடந்து சீரழிஞ்சவதான். மேட்ரன் சிரிச்சா அன்னைக்குத் தூக்கம், மொறச்சா அன்னைக்குச் சிவராத்திரி. கீழ வாங்க. மொதல்ல சோறு. பெறவு நான் பக்கத்துல இருப்பேன். நான் சொல்லுதப்ப மட்டும் இழுக்கணும். நாடி ஏறுச்சுன்னு வைங்க, தூக்கிக் கீழ போட்டுருவேன்."

"சுருட்டையா, என்னையாக்கா?"

"அத அப்பம் பாப்போம்."

விரதம் முறிந்தது. தயிர்ச்சோறும் முந்தின நாள் மீன்குழம்பும். அம்மாவிடம் இதை இன்றுவரை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை.

மறுபடி மாடிக்கு வந்தோம். அக்கா நாற்காலியை எனக்கு எதிரே போட்டார், காற்றுக்கு எதிர்ப்பக்கமாக, புகை படாதபடி. என் இடதுகையைத் தன் மடிமேல் திருப்பி வைத்து நாடியில் விரல் வைத்தார். கண்ணைக் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளில் நிறுத்தினார். நான் பழைய சாம்பலைத் தட்டி, சுருட்டுக்குள் ஒருமுறை ஊதி, பற்றவைத்தேன்.

"ம், ஒண்ணு இழுங்க. போதும். வையுங்க."

வைத்தேன். ஒரு கை அவர் பிடியில் இருந்தது. எழுந்து நடக்க முடியாது, தாளைப் புரட்ட முடியாது. கால் மட்டும் ஆடியது. "காலையும் ஆட்டாதிய, கணக்கு தப்புது" என்றார். அதையும் நிறுத்தினேன்.

முதலில் கொஞ்சம் சாம்பல் வாடை அடித்தது. போகப்போக புகை குளிர்ந்து வந்தது. அப்படித்தான் தோன்றியது, வாயில் வந்து நின்ற புகைக்கு ஒரு கனம் இருந்தது, ஆனால் சூடில்லை. கசப்பு விலகி, கருக்கிய வெல்லப்பாகுபோல் ஏதோ ஒன்று அண்ணத்தில் படிந்தது. அதுதான் கருஞ்சாக்லேட்டாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. அதற்கடுத்த இழுப்பில் மிளகு போய்க் காய்ந்த வற்றலின் நெடி வந்தது. கூடவே நனைந்த சாக்கின் வாசம். மண்டிக்குள் மழைச்சாரல் அடித்து மூட்டைகளின் அடிப்பக்கம் ஈரமானால் வருமே, அதே வாசம். நான் எதிர்பார்க்கவேயில்லை. அப்பாவின் முதுகு இந்த ஓட்டல் சுருட்டுக்குள் எப்படி வந்தது என்று திகைத்தேன்.

"என்ன, நாடி குதிக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ருசி தெரிஞ்சுது."

"ருசியா!" அவர் குனிந்து காற்றை மோந்தார். "வாசம் நல்லாத்தான் இருக்கு. அதுதான் வெனையே. நாத்தமா இருந்தா ஒருத்தனும் என் வார்டுக்கு வரமாட்டான். ம், இழுங்க."

இப்படியே போனது. இழுப்புகளுக்கு நடுவே அவர் வார்டுக் கதை சொன்னார். நுரையீரல் எப்படிக் கறுக்கும், இருமலில் விலா எப்படி நோகும் என்று. நான் கேட்டுக்கொண்டே சுவைத்தேன். சாம்பல் உடையாமல் நீண்டது. வெயில் எதிர்வீட்டுத் தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. கடைசிப் பங்கில் வீரியம் ஏறியது, காதுமடல் சூடானது. நாடி ஏறியதும் அக்கா, "போதும்" என்றார். அதற்குமேல் ஓர் இழுப்புக்குக்கூட அனுமதியில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகக் காய்ச்சல் இல்லாமல் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு முழுவதும் எழுதிக் கிழித்தேன். மண்டிக்குப் பேசியபோது அப்பாவிடம், "நாளைக்குத் தெரிஞ்சிரும்" என்றேன். திங்கள்கிழமை பேருந்தில் வழக்கம்போல் படிக்கட்டருகே நின்றேன்.

மேடம் சிவப்புப் பேனாவோடு படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார், இல்லை, பரவாயில்லை என்றேன். "நனைந்த சாக்கு" வந்த இடத்தில் பேனா நின்றது.

"சாக்குமூட்டையை யாராவது காசு குடுத்து வாங்கிப் பிடிப்பாங்களா? தோல், தேவதாரு எங்கே?"

"அது எனக்குத் தெரியல மேடம். இது தெரிஞ்சுது."

சாக்கை அடித்து "மண்" என்று எழுதினார். வற்றலை விட்டுவைத்தார். கடைசிப் பக்கத்தில் நர்ஸ் வரும் பத்தி. வார்டில் பீடிக்குக் கையேந்துபவர்களும் அதில் இருந்தார்கள். அதன்மேல் பேனா ரொம்ப நேரம் நின்றது. எதிர்ப்பக்கத்தில் ஓட்டலின் விளம்பரம் வருகிறது என்றார். அந்த அக்கா இல்லாவிட்டால் இந்தச் சுருட்டையே நான் பிடித்திருக்கமுடியாது மேடம் என்றேன். கடைசியில் வார்டு போயிற்று. கடிகாரமும் நாடியும் தங்கின.

"சுருட்டு பிடிச்சா நிம்மதின்னு எல்லாரும் எழுதறாங்க," என்றார், தாள்களைச் சேர்த்தபடி. "உட்காரவே முடியலன்னு நீ ஒருத்தன்தான் எழுதியிருக்க. இனி இந்தப் பக்கம் உன்னோடது."

இதழ் வந்த அன்று காலை ஒரு பிரதியோடு கீழே போனேன். அக்கா பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையில் டிபன் பாக்ஸோடு, நின்றபடியே அந்தப் பக்கம் முழுவதையும் படித்தார்.

"வேல நிரந்தரமாயிட்டா?"

"ஆயிருச்சுக்கா."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." மறுபடி பக்கத்தைப் பார்த்தார். "காரம்னு எழுதியிருக்கிய, வெல்லம்னு எழுதியிருக்கிய, என் வாட்சுகூட வந்திருக்கு. இருமல் எங்க தம்பி?"

"எழுதினேன்க்கா. எடுத்துட்டாங்க."

"ம்" என்றார். இதழை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் என்னத்தக் குடிக்கச் சொல்லுதாவ?"

விஸ்கி என்று சொல்ல வாய் வரவில்லை. தெருமுனைக்கு அவருடைய பேருந்து வந்துவிட்டது. நான் என்னுடையதைப் பிடிக்க ஓடினேன். நேரம் நிறைய இருந்தது.