சேமிக்கவா என்று கேட்காத பெட்டி

ஒயர்க்காரரின் கைகள் எட்டுக் கம்பிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தன. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று உதடு முணுமுணுக்க, நுனிகளை ஒரே மட்டமாக நறுக்கி, கண்ணாடி போன்ற சிறிய முனைக்குள் செருகி, இடுக்கியால் ஓர் அழுத்து அழுத்தினார். இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன் என்பார். கட்டிப் பார்க்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

எழுந்து நடக்க முடியாதவர்களைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லம் அது. அவருடைய அறை மாடிப்படிக்கு அடியில். முன்பு துடைப்பமும் வாளியும் இருந்த இடம். வாளி போய்விட்டது, துடைப்பம் இன்னும் காலி செய்யவில்லை. சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி தொங்கியது. ரௌட்டர். இரண்டு மாடிகளிலும் படுக்கைக்கு ஒரு மணி உண்டு. நோயாளி பொத்தானை அழுத்தினால், செய்தி இந்தப் பெட்டிக்கு வந்து, எந்த மாடி என்று பார்த்து, அந்த மாடி நர்ஸ் மேஜையில் படுக்கை எண்ணாக ஒளிரும். பெட்டி வாயை மூடினால் நோயாளி கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. இரண்டாம் மாடிப் பதினெட்டுப் பேரும் தாமாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாதவர்கள். அந்த மாடிக்குத் தலைமை நர்ஸ் ஒயர்க்காரரின் சொந்த அக்கா.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒயர்க்காரர் பேனாவால் கெட்டார். போன கோடையில் படிக்கு அடியில் வேர்த்துக் கொட்டியது. ஏசி கேட்டார். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குத்தான் ஏசி என்றது அலுவலகம். உடனே ஒரு மனு எழுதினார்: ‘மேற்படி ரௌட்டரில் புராசஸர் உண்டு, மெமரி உண்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. ஆகவே இதுவும் ஒரு கம்ப்யூட்டரே.’ எழுதியதில் பொய் இல்லை. ஏசி வந்தது. துடைப்பங்களும் அவரும் குளிர்ந்தார்கள்.

இந்த வருடம் முதலாளியின் மாப்பிள்ளை மேலாளராக வந்தார். மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்தவர். நோயாளிகளைப் பார்க்கும் முன் இயந்திரங்களைப் பார்த்தார். அவை எதிர்த்துப் பேசாது அல்லவா? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு படிவம். அதைத் தூக்கிக்கொண்டு படிக்கு அடியில் குனிந்து வந்தார்.

“ஒயர்க்காரரே, இதுக்கு ஸ்கிரீன் எங்க?”

“கிடையாது சார்.”

“கீபோர்டு?”

“அதுவும் கிடையாது.”

“அப்ப யார் உபயோகிக்கிறாங்க? பேர் எழுதணும்.”

“யாரும் உபயோகிக்கல சார். எல்லாரும்தான் உபயோகிக்கிறாங்க.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. கட்டம் ஒண்ணுதான் இருக்கு.”

கடைசியில் ஒயர்க்காரரின் பெயரையே எழுதிக்கொண்டு, படிவத்தின் கீழ்வரியைப் படித்தார். வெள்ளிக்கிழமைதோறும் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஓய்வு. சுவிட்சை அணைத்துக் கையெழுத்திட வேண்டும்.

“சார், இத அணைக்கக் கூடாது.”

“மனுஷனுக்கு ஓய்வு வேணும்னா மெஷினுக்கு வேணாமா?”

“இது வேற ஜாதி மெஷின் சார். ஆபீஸ் கம்ப்யூட்டர் பத்து வேலை பாக்கும். லெட்டர் அடிக்கும், படம் காட்டும், பாட்டுப் போடும், நடுவுல அப்டேட்னு சொல்லிட்டுப் படுத்துக்கும். உங்களுக்கு வேணுங்கிற புரோகிராம அதுல ஏத்திக்கலாம். இதுல நாம எதையும் ஏத்த மாட்டோம். டிஸ்க்கே கிடையாது, நகம் சைஸ் சில்லுலதான் இதோட சாஃப்ட்வேர் இருக்கு. ஆனா முதுகுப் பக்கம் பாருங்க, எத்தனை ஒயர் சொருகியிருக்கு. வர்ற சேதி எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் தள்ளிவிடும். அந்த ஒரே வேலைதான். அத வருஷக்கணக்கா நிறுத்தாம பாக்கும்.”

மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பிலிருந்து ஏசி மனுவை எடுத்து நீட்டினார்.

“இது உங்க கையெழுத்துதானே? ‘இதுவும் ஒரு கம்ப்யூட்டரே.’ இல்லன்னா சொல்லுங்க, ஏசிய என் ரூமுக்கு மாத்திடறேன்.”

ஒயர்க்காரர் ஏசியைப் பார்த்தார். ஒரு மணி நேரம்தானே, நர்ஸுகள் நடந்தே பார்த்துக்கொள்ளட்டும், திரும்பப் போட்டால் தானாக ஓடப்போகிறது என்று கணக்குப் போட்டார். “என் கையெழுத்துதான் சார்,” என்றார்.

அத்தனை வித்தியாசம் சொன்னவர் ஒன்றை விட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்துவிட்டு மூடப்போனால், ‘சேமிக்கவா?’ என்று அதுவே கேட்கும். அவருடைய ரௌட்டர் கேட்காது. சொன்னதை அந்த நிமிடமே செய்யத் தொடங்கிவிடும். ஆனால் தனியாக ஒரு கட்டளை கொடுத்துச் சேமிக்காவிட்டால், மின்சாரம் போனதும் அத்தனையும் போய்விடும். பணி மாறும்போது வாயால் சொல்லிவிட்டு நோயாளியின் ஏட்டில் எழுதாமல் போகும் நர்ஸைப் போல. அந்த நர்ஸ் இருக்கும்வரை எல்லாம் நடக்கும்.

நான்கு வருடத்துக்கு முன் இரண்டாம் மாடி மணிகளை அவர்தான் இந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தார். பதினெட்டும் ஒலித்தன. சேமிக்கும் கட்டளையைத் தட்டப் போகையில் அலுவலகப் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டது என்று ஆள் வந்தது. எழுந்து போனார். திரும்பி வந்தபோது எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதைத் தொடுவானேன் என்று விட்டுவிட்டார். நடுவில் மின்சாரம் போனபோதெல்லாம் பேட்டரி தாங்கியது. அவருக்கு மறந்தே போனது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளையே வந்து சுவிட்சை அணைத்தார். ஒரு மணிக்குப் போட்டார். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒயர்க்காரர் முதல் மாடிக்குப் போய் ஒரு மணியை அழுத்திப் பார்த்தார். ஒலித்தது. இரண்டாம் மாடிக்கு இன்னும் இருபது படி ஏற வேண்டும். முழங்கால் வேண்டாம் என்றது.

இரண்டரை மணிக்கு மாப்பிள்ளை மேலே ஒரு சுற்றுப் போய் வந்து பூரித்துப்போனார். “கவனிச்சீங்களா? மெஷினுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு குடுத்தோம், மாடியே எவ்வளவு அமைதியாயிடுச்சு! ஒரு மணிச் சத்தம் இல்ல!”

ஒயர்க்காரருக்குத் தாம் ஏறாமல் விட்ட இருபது படி நினைவுக்கு வந்தது. அவர் எழுவதற்குள் அக்கா படியிறங்கி வந்துவிட்டாள். கையில் சுருட்டிய படுக்கை விரிப்பு. ஈரம்.

“ஒம்போதாம் நம்பர் வாத்தியாரம்மா முக்கா மணி நேரமா அழுத்திக்கிட்டே இருந்திருக்காங்கடா. அந்த வேளைச் சுத்து வரைக்கும் எனக்குத் தெரியல. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்ன மனுஷி. ‘மன்னிச்சுக்கம்மா, அடக்க முடியல’ன்னு என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. யாருடா கேக்கணும் மன்னிப்பு?”

மாப்பிள்ளை குனிந்து படிவத்தைப் பார்த்தார். அதில் இதற்குக் கட்டம் இல்லை.

“விளக்கெல்லாம் பச்சையா எரியுதே அக்கா...” என்றார் ஒயர்க்காரர்.

“பொணத்துக்குக்கூட முகத்துல பவுடர் போடலாம். மணி அடிக்குதா?”

அவர் லேப்டாப்பையும் நீலக் கம்பியையும் எடுத்துப் பெட்டியில் மாட்டினார். திரையில் முதல் மாடி இருந்தது. இரண்டாம் மாடி என்று ஒன்று அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. நான்கு வருடம் துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. அப்போதுதான் பிரிண்டரும் தட்டாமல் விட்ட கட்டளையும் நினைவுக்கு வந்தன; அக்காவிடம் சொன்னார்.

“எழுதி வெச்சிருக்கியா?” என்றாள் அக்கா.

“தலையில இருக்கு.”

“தலையில முடியே நிக்கல, இது நின்னுதாக்கும்.”

அவள் மேலே போய்ப் பதினெட்டுப் படுக்கைக்கும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்தாள். தட்ட முடியாத மூன்று பேர் பக்கத்தில் ஆள் உட்காரவைத்தாள். அரை மணி நேரத்தில் மாடி பாத்திரக் கடையானது. பிறகு ஒவ்வொரு மணிப் பெட்டியின் அடியிலும் ஒட்டியிருந்த எண்ணையும் படுக்கை எண்ணையும் நோயாளி ஏட்டில் எழுதுவதுபோலக் கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தாள். அவள் படிக்க, அவர் தட்டினார். ஐந்தரைக்குப் பதினெட்டும் ஒலித்தன.

“இப்ப அந்த இன்னொண்ணையும் தட்டு. என் கண்ணு முன்னால.”

சேமித்தார். பெட்டி ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னது.

“இனிமே அணைக்க மாட்டோம்,” என்றார் மாப்பிள்ளை. கரண்டி டம்ளருக்குப் புதிய படிவம் ஒன்று அவர் மனதில் உருவாகிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

“நாளைக்குக் காலையில அணைப்போம்,” என்றாள் அக்கா. “எழுதினது நின்னுதான்னு எனக்குத் தெரியணும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒயர்க்காரர் தாமே சுவிட்சை அணைத்தார். நூறு எண்ணிப் போட்டார். இருபது படியையும் ஏறி, படுக்கை படுக்கையாகப் போய்ப் பொத்தானைத் தாமே அழுத்தினார். மேஜையில் ஒளிர்ந்த எண்ணை அக்கா ஒவ்வொன்றாக ஏட்டில் டிக் அடித்தாள். ஒன்பதாம் படுக்கையில் மட்டும் வாத்தியாரம்மா பொத்தானைக் கொடுக்கவில்லை. தாமே அழுத்தி, ஒலித்ததும் இன்னொரு தடவை அழுத்தினார்.

“உத்தரவு வாங்கிட்டுப் போகட்டுமா அம்மா?” என்று வாத்தியாரம்மாவிடம் கேட்டார் ஒயர்க்காரர்.

“எங்கடா போற?” என்று அக்கா ஒரு சலவை விரிப்பை அவர் தோளில் போட்டாள். “ஒம்போதுக்கு மாத்தணும். அந்தப் பக்கம் பிடி. ஓரத்த நல்லா இழுத்துச் செருகு, சுருக்கம் இருந்தா முதுகுல புண்ணு வரும்.”

கீழே இறங்கியதும் ஒயர்க்காரர் மாப்பிள்ளையின் கோப்பிலிருந்து மனுவை எடுத்து, ‘கம்ப்யூட்டரே’ என்பதைக் கோடு போட்டு அடித்துத் தேதி போட்டார். பத்து மணிக்கு ஏசியைக் கழற்ற ஆள் வந்தது. ஒயர்க்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.